கடைசி சீட்டில் டெல்பர்ட்

"வீ...ல்!"

வேனுக்குள்ளிருந்து லோர்னா போட்ட அலறலில் தொழிற்சாலைக் காவலாளியின் கையிலிருந்த காபி சிதறியது.

"எழுந்திருக்க மாட்டேங்கறான்! ஐயோ... டெல்பர்ட் ஐஸ் மாதிரி இருக்கான்!"

டகோமாவிலிருந்து கென்ட் வரை தொழிலாளர்களை ஏற்றி வரும் கம்பெனி வேன் அது. ஆளுக்கொரு கார் எடுத்து வந்து சாலையை அடைக்காதே என்கிறது வாஷிங்டன் மாநிலச் சட்டம். பெரிய கம்பெனி என்றால் ஏதாவது வழி செய்தே ஆக வேண்டும். இந்தக் கம்பெனி வேன் கொடுத்திருந்தது. பயணம் இலவசம்.

கடைசி சீட்டில் டெல்பர்ட் ஹக்கின்ஸ். நெற்றியோரம் காயம். கண்கள் பாதி திறந்திருந்தன.

செத்துப் போயிருந்தான்!

டிடெக்டிவ் அர்னெட் ஃபால்க் நனைந்த கோட்டோடு வந்தாள். பாதித் தூக்கம், முழு எரிச்சல்.

"இத்தனை பேர் கூட வந்திருக்கீங்க. ஒருத்தருக்குமா தெரியல?"

லோர்னா விசும்பினாள். "நாங்க ஏறும்போதே அவன் தூங்கிட்டுதான் இருந்தான் மேடம். காலையில வேன்ல யாரும் பேசக் கூடாது, விளக்கு போடக் கூடாது. அது எங்க வழக்கம்."

"நல்ல வழக்கம்! பிணத்துக்கு ரொம்ப வசதி."

வேனை ஓட்டி வந்த விர்ஜில் பாஸ்கம் கைகளைப் பிசைந்தபடி முன்னால் வந்தான். டெல்பர்ட்டின் மனைவி ரொவீனாவின் கூடப் பிறந்த தம்பி.

"எல்லாம் என்னாலதான் மேடம்! வழியில மான் குறுக்கே வந்துச்சு. பிரேக் அடிச்சேன். அக்கா வீட்டுக்காரர் பெல்ட் போடல... தலை ஜன்னல்ல மோதியிருக்கு..."

"ஆமா மேடம், நாங்க எல்லாருமே குலுங்கிட்டோம்!" என்றாள் லோர்னா.

ஃபால்க் வேனுக்குள் ஏறினாள். டெல்பர்ட்டின் கையைத் தூக்கினாள். கை தனியாக உயரவில்லை. மொத்த உடம்பும் மரக்கட்டையாக அசைந்தது.

"மான் எப்ப வந்துச்சு, விர்ஜில்?"

"இப்பதான்... அரை மணி இருக்கும்."

"அரை மணியில உடம்பு இப்படி விறைக்காது. ராத்திரியே செத்தவன் காலையில எப்படிய்யா வேன் ஏறினான்?"

விர்ஜில் ஓரடி பின்வாங்கினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு... இவன் முழு ஆளையே மறைத்திருக்கிறான்!

"நான் கொல்லல மேடம்!" அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "கூரை ஓரத் தண்ணிக் குழாயில இலை அடைச்சிருக்குன்னு ஏணியில ஏறி விழுந்துட்டாராம். அக்கா போன் பண்ணி அழுதா. வேன் ராத்திரி என் வீட்லதான் நிக்கும்... எடுத்துட்டு ஓடினேன்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடாம?"

"உயிரே போயிடுச்சே! கம்பெனி வேன்ல செத்தா வேலையில செத்த மாதிரியாம். ஆயுசு முழுக்க மாசாமாசம் பணம் வருமாம். இல்லேன்னா வீட்டை பேங்க்ல எடுத்துக்குவாங்கன்னு கதறினா. அவ தெருவுக்கு வந்துடக் கூடாதே மேடம்! எனக்குன்னு இருக்கறவ அவ ஒருத்திதான்!"

ஃபால்க்கின் கோபம் தணிந்தது. முட்டாள்தான். ஆனால் பாசக்கார முட்டாள்.

குடையோடு ஓரமாக நின்ற ப்ரூனெல்லா தொண்டையைச் செருமினாள். ஊழியர்களின் பயணச் சலுகைகளைக் கவனிக்கும் கம்பெனி அதிகாரி.

"அந்தப் பணம் வராதே..."

"என்ன?"

"வேன் வெறும் சலுகைதான் மேடம். வண்டியைக் கம்பெனியே கொடுத்தாலும், வர்ற வழியில நடக்கறது வேலையில நடந்ததா ஆகாது. மாநிலச் சட்டத்துலயே தெளிவா இருக்கு."

விர்ஜில் முகம் வெளுத்தது. "ஐயோ... இது தெரிஞ்சா அக்கா உடைஞ்சு போயிடுவாளே!"

"அவங்களுக்குத் தெரியுமே!" ப்ரூனெல்லா குழப்பத்தோடு பார்த்தாள். "போன வாரமே எனக்கு போன் பண்ணிக் கேட்டாங்க. வேன்ல வரும்போது புருஷன் செத்தா பணம் வருமான்னு. வராதுன்னு நான்தான் சொன்னேன்."

ஃபால்க் மெல்லத் திரும்பினாள்.

"போன வாரமா? அவன் ஏணியில ஏறறதுக்கு முன்னாடியேவா?"

அவள் விர்ஜிலிடம் குனிந்தாள்.

"விர்ஜில்... அந்த ஏணியை நீ கண்ணால பார்த்தியா?"

"இல்ல... அக்காதான் சொன்னா..."

"டெல்பர்ட் பேர்ல இன்ஷூரன்ஸ்?"

"போன மாசம்... அக்காதான் எடுத்தா..."

ஃபால்க்கின் செல்போன் அலறியது. ஸ்டேஷன்! கேட்டுக்கொண்டே வந்தவளின் முகம் இறுகியது.

"உங்க அக்கா இப்ப எங்க ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்காங்க. நேத்து ராத்திரி நீ குடிச்சிட்டு வந்து, அவங்க புருஷனை அடிச்சு வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனியாம். புகார் கொடுத்தாச்சு!"

"அக்காவா...?"

அவ்வளவுதான் கேட்டான் விர்ஜில். பிறகு வாய்விட்டு அழுதான். அவளுக்காகப் பிணத்தைத் தோளில் சுமந்தவன்! அவளோ அந்தப் பிணத்தோடு சேர்த்து அவனையும் குழியில் தள்ளப் பார்த்திருக்கிறாள்.

ஃபால்க் போனில் சொன்னாள். "அந்தம்மா எங்கயும் போகாமப் பார்த்துக்கங்க. நான் வர்றேன்."

விர்ஜில் நிமிர்ந்தான். "அவளை என்ன பண்ணுவீங்க மேடம்?"

"கவலைப்படாதே. அரசாங்க வண்டியில ஜெயிலுக்கு இலவசமாவே கூட்டிட்டுப் போவோம்... போறதுக்கு மட்டும்தான், திரும்பி வர்றதுக்குச் சலுகை கிடையாது!"