ஒரு கட்டம் அதிகம்

திரை கறுத்த அந்தக் கணத்தில் இரண்டு வெள்ளைக் கட்டங்கள் இருந்தன. ஒன்றுதான் இருக்க வேண்டும்.

செல்வலட்சுமி துப்பாக்கியைத் தாழ்த்தினாள். அதற்குள் டிவியில் கட்டடம் திரும்ப வந்துவிட்டது. வரிசை வரிசையாக ஜன்னல்கள், கீழே ஒரு கதவு. மேல் ஜன்னலில் தொப்பி வைத்த திருடன் தலைகுப்புறத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"அவன் செத்துட்டான்லாக்கா. அடுத்தவன் வாரான், சுடுங்க," என்றாள் முத்துச்செல்வி, வாயில் உப்புமாவோடு.

வெளியே நல்ல வெயில். அறைக்குள் இரவு. நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் பகலில் தூங்குவதற்காக, பேக்கிங் பிரிவில் மிஞ்சும் கறுப்பு பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து இருவரும் ஜன்னலிலும் கதவின் இடுக்குகளிலும் ஒட்டியிருந்தார்கள். வெயில் ஏற ஏற அந்தத் தாள் சூடாகி ஒரு மருந்து வாடை வரும். அதோடு காயாத துணியின் வாடையும், கீழே வீட்டுக்கார பாப்பம்மாள் வறுக்கும் கருவாட்டின் வாடையும் சேர்ந்துகொள்ளும். இருங்காட்டுக்கோட்டையின் லாரிகள் நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் சுவரில் சாய்த்த முதுகுக்குள் ஒரு அதிர்வு ஏறி இறங்கும்.

டிவி, அரசாங்கம் கொடுத்த இலவச டிவி. விளையாட்டுப் பெட்டியும் கம்பி வைத்த துப்பாக்கியும் பாப்பம்மாளின் மகன் ராஜசேகருடையவை. போன வாரம் அவனே தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தான்.

"புது டிவில இந்த கன்னு வேலையே செய்யலக்கா. டப்பா டிவி தான் வேணுமாம். வூட்ல எடத்த அடைச்சிக்கினு கீது, நீங்களே வெச்சிக்கோங்க."

ஏன் வேலை செய்யாது என்று செல்வலட்சுமிக்குத் தெரியும். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்ததில் அவளுக்கு இப்போதும் பயன்படுகிற சில விஷயங்களில் அதுவும் ஒன்று. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. குழலுக்குள் இருப்பது குண்டு இல்லை, கண். விசையை அழுத்தினால் திரை ஒரு சிமிட்டல் நேரம் முழுக்கக் கறுக்கும். அடுத்த சிமிட்டலில், திருடன் நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம். இரண்டையும் அதே வரிசையில் பார்த்தால்தான் துப்பாக்கி ஒப்புக்கொள்ளும். விளக்குக்கு நேராக நீட்டி அதை ஏமாற்ற முடியாது. புது டிவிகள் படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டுகின்றன. துப்பாக்கியின் கண் திறக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது.

பள்ளியில் படித்தபோது அத்தை வீட்டில் இதே விளையாட்டை ஆடியிருக்கிறாள். அப்போது திருடர்கள் பெரிய ஆட்களாகத் தெரிந்தார்கள். இப்போது பார்த்தால் நாலைந்து சதுரங்களை அடுக்கி மேலே ஒரு தொப்பி, அவ்வளவுதான். குறி தவறினால் உலர்ந்த ஒரு சொடுக்கு. பட்டால் ஈரத் துணியைக் கல்லில் அறைந்த சத்தம். ஆனாலும் விளையாட்டு பழசாகவில்லை. ஜன்னல்கள் எல்லாம் காலியாக இருக்கும் அந்த இடைவெளியில், எது திறக்கும் என்று காத்திருக்கும்போது, இன்றும் தோள்பட்டை தானாக இறுகியது. இரவெல்லாம் நின்ற உடம்புக்கு ஒரே ஒரு விதி உள்ள ஒரு காரியம் போதுமாக இருந்தது.

"இருட்டாச்சுல்ல, அப்ப ரெண்டு கட்டம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இருட்டுல என்னத்தக்கா தெரியும்? எனக்குச் சோறு தெரிஞ்சாப் போதும்."

மற்றவர்களுக்குத் தெரியாதுதான். செல்வலட்சுமியின் வேலையே அது. செல்போன் கம்பெனியில், கறுப்புத் திரை போட்ட சின்னக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, ஒவ்வொரு போனின் திரையும் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று மின்னி மறைவதற்குள் செத்துப்போன புள்ளி எங்கே என்று பிடிக்க வேண்டும். லைனில் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள்.

அதனால்தான் பயந்தாள். வியாழக்கிழமை கம்பெனியில் கண் பரிசோதனை. ஆர்டர் குறைந்து, லைன்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். போன முறை பரிசோதனையில் தவறிய பேச்சியை பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் ஊருக்கே அனுப்பினார்கள். இல்லாத கட்டம் தெரிகிறது என்றால் கோளாறு கண்ணில்.

முத்துச்செல்வி தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாள். "வியாழக்கெழம சொவரத் தடவிட்டு நின்னுறாதிங்கக்கா. நீங்க போயிட்டா எனக்கு யாரு பொங்கிப் போடுவா?"

மறுநாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுட்டுப் பார்த்தாள். இருந்தது. மறு கண்ணைப் பொத்தினாள். இருந்தது. கட்டடத்தின் கீழே, வரைந்த கதவின் மேல். அந்தக் கதவு விளையாட்டில் திறப்பதே இல்லை. அங்கிருந்து யாரும் வருவதில்லை.

கண்ணில் தங்கிய பிம்பம் என்றால் பார்வை போகுமிடமெல்லாம் கூடவே வரும். இது அதே இடத்தில் நின்றது. ஆனாலும் தன் கண்ணை வைத்தே தன் கண்ணைச் சோதிப்பது சரியான சோதனை இல்லை.

பிறகுதான் மடியில் கிடந்த துப்பாக்கி ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு நைட் ஷிஃப்ட் கிடையாது, தூக்கக் கலக்கம் கிடையாது.

மேல் ஜன்னலில் திருடன் நின்றான். அவனை விட்டுவிட்டுக் கதவுக்குக் குறிவைத்து அழுத்தினாள்.

ஈரத் துணிச் சத்தம். புள்ளி ஏறியது. திருடன் விழவில்லை. ஜன்னலில் அப்படியே நின்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண் நன்றாக இருக்கிறது. தன்னைத் தவிர இன்னொரு கண்ணும் அதைப் பார்த்திருக்கிறது. பழைய விளையாட்டுக் கேசட்டில் ஏதோ பிழை. அன்று பல நாளுக்குப் பிறகு அவள் கனவில்லாமல் தூங்கினாள்.

அடுத்த நாள் கதவின் மேல் கட்டம் இல்லை. திரையின் அடி விளிம்பில் பாதி மட்டும் தெரிந்தது. மீதிப் பாதி வெளியே போய்க்கொண்டிருந்ததைப் போல. இன்னும் இரண்டு முறை சுட்டபோது அதுவும் இல்லை.

போகட்டும் என்று துப்பாக்கியைத் தரையில் வைத்தாள். வைக்கும்போது விரல் விசையில் பட்டுவிட்டது.

ஈரத் துணிச் சத்தம்.

குழல் டிவியைப் பார்க்கவில்லை. டிவி இருந்த ஸ்டூலுக்குக் கீழே, சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டிவி வெளிச்சம் தரையில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்தாள். கறுப்புத் துணி ஒன்றை மடித்து அங்கே விரித்துச் சுட்டாள். பட்டது. குழலை உள்ளங்கையால் மூடிச் சுட்டாள். சொடுக்கு. சுவரைச் சுட்டாள். சொடுக்கு. மறுபடி துணியை. இந்த முறை சொடுக்கு. துணிக்கு இந்தப் பக்கம், தனக்கு அருகே, வெறும் தரையை.

பட்டது.

கொஞ்சம் இந்தப் பக்கம். பட்டது.

அவள் பாயின் கால்மாட்டில். பட்டது.

அங்கே ஒன்றும் இல்லை. பாயின் ஓரத்தில் பிரிந்த கோரை, ஒரு ஹேர்பின், உப்புமாவின் ஒரு பருக்கை. துப்பாக்கி அங்கே முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்திருந்தது. அங்கே ஏதோ ஒன்று, விளையாட்டோடு சேர்ந்து சிமிட்டிக்கொண்டிருந்தது.

முத்துச்செல்வியை எழுப்பலாம் என்று கை நீட்டினாள். அவள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி என்ன சொல்வது? விடிந்தால் வியாழக்கிழமை. இல்லாதது தெரிகிறது என்று ஒரு வார்த்தை லைனுக்குப் போனால் போதும். தூங்காமல் போனால் எழுத்து ஆடும். எழுத்து ஆடினால் பேக்கிங். பேக்கிங் என்றால் பேச்சி. அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் பயப்படவும் தெம்பு வேண்டும். இரவெல்லாம் நின்ற கால்கள் வலித்தன.

டிவியை அணைத்தாள். வேறு இடமில்லாததால் அதே பாயில் படுத்தாள். கால்களை மட்டும் மடக்கிக்கொண்டாள்.

தூக்கத்தில் ஒருமுறை இமைகளின் மேல் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. மழைத்துளி மாதிரி. முதலில் ஒன்றின் மேல். பிறகு மற்றதன் மேல்.

கண் பரிசோதனைக்கு வந்த டாக்டருக்கு வயதாகியிருந்தது. அவள் கடைசி வரி வரை நிறுத்தாமல் படித்தாள்.

"இதுக்குக் கீழ இன்னொரு வரி போட்டாலும் படிப்ப போல," என்றார். டார்ச்சை அவள் கண்ணுக்கு நேராக அடித்தார். அணைத்தார். மறுபடி அடித்தார். "கூசலையாம்மா?"

"இல்ல சார்."

"வெளிச்சம் பட்டாக் கண்ணுப் பாப்பா சுருங்கணும். ஒனக்கு அசையவே இல்லையே." கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "சரியாத் தூங்கு. பார்வை நல்லா இருக்கு. லைனுக்குப் போலாம்."

அவள் பிழைத்துக்கொண்டாள். பஸ்ஸில் முத்துச்செல்வி அவள் தோளில் இடித்து, "சாயந்தரம் கேசரி கிண்டணும், சொல்லிட்டேன்," என்றாள். செல்வலட்சுமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். காலை வெயில் தகரக் கூரைகளில் அடித்தது. கூசவில்லை.

அறைக்கு வந்ததும் முத்துச்செல்வி தூங்கிவிட்டாள். செல்வலட்சுமி உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் கீழே ராஜசேகரிடம் கொடுத்துவிடலாம். கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். போய்விட்டதா என்று.

டிவியைப் போட்டாள். ஒலியைக் குறைத்தாள்.

திரை சுத்தம். ஒரு திருடனுக்கு ஒரு கட்டம். ஸ்டூலுக்குக் கீழே சுட்டாள். சொடுக்கு. தரை. சொடுக்கு. பாயின் கால்மாடு. சொடுக்கு. பாய் முழுவதும். தலையணை. சொடுக்கு, சொடுக்கு. கதவு. கூரை. கொடியில் தொங்கிய துணிகள். முத்துச்செல்வி. சொடுக்கு.

எங்கும் இல்லை.

மூச்சை விட்டாள். துப்பாக்கியை மடியில் வைத்தாள்.

பிறகு ஒன்று தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம்.

அறையில் சுடாத இடம் ஒன்று பாக்கி.

குழலை மெதுவாகத் திருப்பினாள். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி. தூசி படிந்தது. அது அவளைப் பார்த்தது. கட்டை விரலை விசையில் வைத்தாள்.

திரை கறுத்தது.

ஈரத் துணிச் சத்தம்.

இன்னொரு முறை.

ஈரத் துணி.

டிவியின் சுவிட்சைத் தட்டினாள். முழு இருட்டு. பிளாஸ்டிக் வாடை. லாரி ஒன்று தூரத்தில் போனது. முதுகில் அதிர்வு.

பக்கத்தில் முத்துச்செல்வி புரண்டாள். முழங்கையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டாள்.

"யக்கா. லைட்ட அமத்துங்க. கண்ணு கூசுது."

அறையில் எந்த விளக்கும் எரியவில்லை.

செல்வலட்சுமி கண்களை மூடினாள்.

"ஆங்," என்றாள் முத்துச்செல்வி, தூக்கத்திலேயே. "இப்ப சரி."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே இருந்தாள். கீழே பாப்பம்மாள் யாரையோ கூப்பிட்டாள். மின்விசிறி சுற்றியது. பிறகு நின்றது. வியர்வை இமைக்கு மேலே வந்து தேங்கியது. துடைக்கவில்லை. இந்த விளையாட்டில் வெள்ளைக் கட்டம் விழுகிற இடத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"யக்கா! பஸ்ஸு வந்துட்டு, எந்திரிங்க. கரண்டு வேற இல்ல, ஒண்ணுந் தெரியல."

அவள் அசையவில்லை.

"என்னக்கா, உக்காந்தே தூங்குதிங்க?" சோப்பு வாசனை நெருங்கி வந்தது. சிரிப்பு. "எங்க, பூதக்கண்ணாடி, கண்ணத் தொறங்க பாப்போம்."

"வேண்டாம், செல்வி."

"அட, தொறங்கக்கா."

ஈரக் கட்டை விரல் ஒன்று வலது இமையில் பட்டது. மேலே தூக்கியது.

முத்துச்செல்வியின் நெற்றியில், பொட்டுக்குச் சற்று மேலே, ஒரு வெள்ளைக் கட்டம்.