முன் வலது சில்லு

அந்த ஊசியைத் தேடி எடுத்திருக்கலாம் என்று நஸ்லியா நினைத்தாள். எடுத்திருந்தால் மட்டும் என்ன? இந்த வெட்கம் ஊசியோடு போயிருக்குமா?

சமையலறை ஜன்னலுக்கு வெளியே கணவன் றஸ்மியின் கராஜ். அங்கே நீல ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இடது மூலை நசுங்கி நின்றது. பிரேக் ஒயில் மாற்றிக் கொடுத்த மறுநாள் அது மருதமுனை வளைவில் மதிலில் மோதியிருந்தது. ஓட்டிய அஸ்பாக்கின் கை முறிந்தது. பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது றெமிஜியஸ் அவசரப்பட்டுப் பெடலிலிருந்து காலைத் தூக்கிவிட்டான் என்று ஊருக்கெல்லாம் சொல்லி, பதினொரு வருடம் கூட வேலை செய்தவனை றஸ்மி நிறுத்திவிட்டான். இனி கல்முனையில் எந்தக் கராஜ் அவனைச் சேர்க்கும்?

றெமிஜியஸ் போய்க் கூட்டிவந்தவர் ஞானரட்ணம், வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு எங்கும் தொற்றிக்கொண்டு வரும் கச்சிமுகம்மதுவும் வந்திருந்தார்.

"மலிவு ஒயில், சேர். வரக்குள்ளேயே நான் செல்லிட்டன்," என்றார் கச்சிமுகம்மது.

ஞானரட்ணம் போத்தலைத் திருப்பிப் பார்த்தார். புதியது, இந்தக் காருக்கு உரியது. பிறகு குனிந்து, பெடலுக்குக் கீழே கிடந்த விரிப்பைத் தூக்கி எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். நஸ்லியா ஜன்னலை விட்டு ஓரடி விலகினாள்.

றெமிஜியஸ் சொன்னது குறைவு. வழமைபோல் அவன் பெடலை மிதித்தான், முதலாளி சில்லில், சக்கரத்தடியில், நின்றார். மூன்று சில்லு முடிந்ததும் பெல்ட் வாங்க அவனைக் கடைக்கு அனுப்பினார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பியபோது கார் போய்விட்டது. நான்கையும் முடித்த பிறகே அனுப்பியதாக றஸ்மி சாதித்தான்.

திரும்பச் செய்து பார்ப்போம் என்றார் ஞானரட்ணம். கச்சிமுகம்மது உற்சாகமாக ஏறிப் பெடலில் கால் வைத்தார், றஸ்மி சில்லடியில் குனிந்தான். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது, சில்லின் பின்னாலுள்ள சின்ன நிப்பிளைத் திறந்தால் ஒயிலோடு காற்றும் குழாய் வழியே வெளியே வரும். அதை மூடி "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மூன்று சில்லுகளில் வெறும் ஒயில் வந்தது. முன் வலதில் குமிழி குமிழியாக வந்தது. அடிபட்டதோ இடது பக்கம். வலதில் ஒழுக்கும் இல்லை, ஆகவே அந்தக் காற்று மோதலில் புகுந்ததல்ல.

றஸ்மி இன்னொரு முறை நிப்பிளைத் திறந்த நேரம், நண்பகல் தொழுகைக்கு அழைக்கும் ளுஹர் பாங்கு ஒலித்தது. றஸ்மியின் வாய் மூடிக்கொண்டது. பாங்கு முடியும்வரை அவன் ஒரு சொல் பேசமாட்டான், அந்த வீதிக்கே தெரியும். கச்சிமுகம்மது "விடு" என்ற சொல்லுக்குக் காத்திருந்தார், பிறகு தொப்பியைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டார். காலும் கூடவே எழும்பியது. குழாயில் ஒயில் சரசரவென்று பின்வாங்க, காற்று அதைத் தொடர்ந்து உள்ளே போனது.

பாங்கு முடிந்ததும் ஞானரட்ணம் நிமிர்ந்தார்.

"றஸ்மி, இவருக்கு உங்கட பழக்கம் தெரியும். காலுக்குத்தான் தெரியல்ல. றெமிஜியஸ்ட காலுக்குப் பதினொரு வருசமாத் தெரியும். எத்தின பாங்குக்கு அது அசையாமல் மிதிச்சு நிண்டிருக்கும்? அண்டைக்கு நாலாவது சில்லில, அஸர் பாங்கு நேரம், பழகாத கால் ஒண்டு இருந்திருக்கு."

"அப்ப ஆரு மிதிச்ச?" என்றார் கச்சிமுகம்மது.

ஞானரட்ணம் உள்ளங்கையை விரித்தார். பச்சை மணி வைத்த ஸ்கார்ப் ஊசி. அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அந்த மரியாதை நஸ்லியாவை இன்னும் சுட்டது.

அன்று நாலாவது சில்லுக்கு றஸ்மி அவளைத்தான் மிதிக்க வைத்தான். பாங்கு கேட்டதும் நழுவிய ஸ்கார்பை இழுக்கக் கை தூக்கினாள், கால் தூக்கியதை அறியவில்லை. அது பிழைதான். ஆனால் அடுத்த மிதியில் பெடல் முன்புபோல் இறுகாமல் மெத்தென்று இறங்கியதை அறிந்தாள். காரை எடுக்க அஸ்பாக் வாசலில் நின்றான், றஸ்மி அவசரப்பட்டான், இதெல்லாம் பெண்ணுக்கு என்ன தெரியும் என்பானோ என்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு மூன்று நாளாக, றெமிஜியஸ் தலைகுனிந்து வாசலைக் கடந்தபோதும் மூடியே இருந்தாள்.

"நஸ்லியா," றஸ்மி ஜன்னலைப் பார்த்து அழைத்தான். முகம் வெளிறியிருந்தது. "கராஜுக்குள்ள நீ கால் வைக்கவே இல்லெண்டு இவங்களுக்குச் செல்லு, புள்ள."

அவள் வெளியே வந்தாள். ஞானரட்ணத்தின் உள்ளங்கையிலிருந்த ஊசியை எடுத்துத் தன் ஸ்கார்பில் குத்திக்கொண்டாள்.

"செல்ல ஏலா," என்றாள்.