கெண்டைக்கால் சூடு

பிசியோதெரபி கிளினிக்கில் அன்றைக்கு அவள் தொட்ட முதல் கால் ஒரு பேருந்து ஓட்டுநருடையது. முழங்கால் தேய்மானத்துக்காக மூன்று வாரமாக வருகிறவர். இடது பாதத்தை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறு கையைக் கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்தாள். சதை சுட்டது. இஸ்திரி போட்டு எடுத்த துணியைப் போல. வலது காலைத் தொட்டுப் பார்த்தாள். அது எல்லாக் கால்களையும் போலத்தான் இருந்தது.

"இங்க வலிக்குதாங்க?"

"இல்லையேம்மா. முட்டிதான். அதுக்குத்தானே வர்றேன்."

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தாள். அடுத்து வந்த தையற்காரம்மாவுக்கும் இடது கெண்டைக்காலில் அதே இடத்தில் அதே சூடு. அவருக்குப் பின் கணுக்கால் பிசகிய கல்லூரிப் பெண். அவளுக்கும் அப்படியே. மூன்று பேரையும் அனுப்பிவிட்டு, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது டாக்டர் போன் செய்தார்.

"மூணு பேருக்கும் ஒண்ணுமில்ல. ரத்தம் கட்டவும் இல்ல, வீக்கமும் இல்ல, ஏன், சூடே இல்ல. நீங்க இன்னைக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போங்களேன்."

"சரிங்க டாக்டர்."

அவர் சொல்லாமல் விட்டதும் அவளுக்குப் புரிந்தது. தம்பி போய் நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

தம்பி பந்து விளையாடுகிறவன். ஓடிக்கொண்டே திரும்பியபோது இடது முழங்காலுக்குள் மூட்டைப் பிணைக்கும் லிகமென்ட் அறுந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை உருவி, முறுக்கி, எலும்பில் துளை போட்டுக் கோத்து, அறுந்ததற்குப் பதிலாகப் பொருத்தினார்கள். அறுவை சிகிச்சை கச்சிதமாக முடிந்தது. வீட்டிலேயே பிசியோ இருக்கும்போது என்ன கவலை என்றார்கள் எல்லோரும். அவளும்தான் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே. மடக்கு, நீட்டு, தொடையை இறுக்கு, பத்து எண்ணு. அவன் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தான். "எல்லாக் குத்தத்தையும் ஒத்துக்கிறேன், காலை மட்டும் விட்டுடுங்க" என்று தினமும் கெஞ்சினான்.

பதினோராம் நாள் காலையில், கெண்டைக்கால் கடுக்கிறது என்றான். வேறு எந்த அக்காவாக இருந்தாலும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பாள். இவளுக்குத்தான் தொழில் தெரியுமே. பத்து நாள் ஊன்றாத காலில் சதை பிடித்துக்கொள்வது சகஜம் என்று முடிவு செய்தாள். எண்ணெய் தொட்டு, கட்டைவிரலை ஆழக் கொடுத்து, கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் நீவினாள். உள்ளே கயிறு போல ஏதோ தட்டுப்பட்டது. பிடிப்பு என்று நினைத்து அதை விரலால் அழுத்தி அழுத்திக் கலைத்துவிட்டாள். அது ரத்தக்கட்டி. அன்று மாலை ஆறு மணிக்கு அவள் கிளினிக்கில் வேறு யாருடைய முழங்காலையோ மடக்கிக்கொண்டிருந்தபோது, அது தொடை வழியாக ஏறி நுரையீரலை அடைந்தது. அம்மா மட்டும்தான் அவன் பக்கத்தில் இருந்தாள்.

நீவிவிட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தோரு நாளாக அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, அம்மா போட்ட சோற்றை, வாய் திறக்காமல் தின்றுகொண்டிருந்தாள். மாலை ஆறு மணியை அந்த வீட்டில் கழிக்கத் துணிவில்லாமல், தினமும் எட்டுக்கு மேல்தான் திரும்பினாள். இனி முடியாது. இன்று அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

வீடு போய்ச் சேர்ந்தபோது ஆறாகக் கால் மணி இருந்தது. வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மழை வரப்போகிற மூட்டத்தில் கூடம் அதற்குள் இருட்டியிருக்க, குளிர்பதனப் பெட்டியின் உறுமலும், குளியலறைக் குழாய் ஒவ்வொரு சொட்டாய்ப் பக்கெட்டில் விழும் சத்தமும், எங்கிருந்தோ பழைய கட்டுத்துணியின் வியர்வையும் வலித் தைலமும் கலந்த வாடையும் சேர்ந்து, யாரோ அப்போதுதான் பேச்சை நிறுத்திய அறைக்குள் நுழைந்துவிட்டதைப் போன்ற சங்கடத்தை அவளுக்கு உண்டாக்கின. தம்பியின் அறையில் அவனுடைய சாய்வு நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. அம்மா இப்போதெல்லாம் அதில்தான் உட்காருகிறாள். தலைவரை இழுத்துப் போர்த்திய போர்வையும், முக்காலியின் மேல் நீட்டியிருந்த இடது காலும் பின்னாலிருந்து தெரிந்தன.

"அம்மா, முட்டி வலியா?"

அசந்து தூங்குகிறாள் போல என்று விளக்கைப் போடாமல் விட்டாள். முகம் தெரியாத இருட்டில் சொல்வது சுலபம் என்றும் தோன்றியது. முக்காலியருகே தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி, போர்வையின் மேலாகவே காலைப் பிடித்தாள். அதுவும் சுட்டது. இதையும் தன் மனக்கோளாறு என்று ஒதுக்கினாள்.

"அம்மா, அவன் கால் வலிக்குதுன்னு அன்னைக்குக் காலையில சொன்னான். நான்தான் நீவிவிட்டேன். கட்டி இருக்கிற காலை நீவவே கூடாது. படிச்சிருக்கேன், மத்தவங்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கேன். என் தம்பி கால்னா எனக்குத் தெரியாதான்னு நினைச்சேன். நான் கை வைக்காம இருந்திருந்தா..."

அழுதாள். நாற்பத்தோரு நாள் அழாத அழுகை. அவள் கைக்குள் அந்தப் பாதம் மெல்ல மேலே மடங்கியது. பிறகு கீழே நீண்டது. மறுபடி மேலே. அம்மா ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தாள். மனம் லேசானது.

பாதம் நிற்கவில்லை.

மேலே. கீழே. சீராக. படுக்கையில் கிடப்பவர்களுக்கு ரத்தம் கட்டாமலிருக்கச் சொல்லித் தரும் பயிற்சி அது. அம்மாவுக்கு அவள் சொல்லித் தந்ததேயில்லை.

அம்மாவின் கால் மெலிந்தது. ஒரு பிடிக்குள் அடங்கும். இந்தக் கெண்டைக்கால் அடங்கவில்லை. தொட்ட கணமே கைக்குத் தெரிந்திருந்தது. அவள்தான் கேட்கவில்லை.

விரல்கள் போர்வைக்கு அடியில் மேலே போயின. முழங்காலுக்குக் கீழே, உள்பக்கம். தையல் தழும்பு. ஒரு விரல் நீளம்.

நிமிர்ந்து பார்க்கவில்லை. முடியவில்லை.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

"வந்துட்டியா?" அம்மாவின் குரல். பின்னால். அறை வாசலில்.

அம்மா அலறவில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள். வந்து அவளை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது வாசல்ல நிக்கும்போதே காதுல விழுந்துச்சு. எங்கிட்டயும்தான் வலிக்குதுன்னான். அக்காதான் பாத்துட்டாளே, பேசாம படுடான்னுட்டேன்."

"அம்மா, இது..."

"இன்னைக்கு ஒரு நாள் இதைப் பாக்க வேணாம்னு வெளிய போனேன். தெருமுனைக்கு மேல கால் நகரல. தனியா விட்டுட்டு எங்க போறது?" அம்மாவின் இரண்டு கைகளும் போர்வைக்குள் நுழைந்து தொடையைச் சுற்றி இறுகின. "மேல பாக்காத. முட்டிக்குப் பின்னால பிடி. என் ஒருத்தி கைக்கு நிக்க மாட்டேங்குது."

பிடித்தாள். கெண்டைக்காலின் சூடு ஒரு முடிச்சாகத் திரண்டது. நகர்ந்தது. அவள் உள்ளங்கைக்கு அடியில், புழு மாதிரி, மேல்நோக்கி. இறுக்கினாள். விரல் வலிக்க இறுக்கினாள். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"விட்டுட்டேன்மா."

"நான் பிடிச்சுட்டேன். இரு. இரு."

அது அம்மாவின் பிடியையும் வழுக்கிக்கொண்டு போயிற்று. அம்மாவின் முழங்கைகள் தளர்ந்தன.

மேலே, போர்வைக்குள், ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று, பாதி. அதோடு நின்றது. கால் கனத்து, அவர்கள் கைகளில் சில்லென்று ஆனது.

அவள் கையை எடுக்கப் போனாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி அங்கேயே வைத்தாள்.

"எடுக்காதடி. எட்டு மணி வரைக்கும் இப்படித்தான் திரும்பத் திரும்பப் போவான். தினமும் நீ வர்றதுக்குள்ள எல்லாம் அடங்கிடும்."

அவளுடைய கட்டைவிரலுக்குக் கீழே, சில்லிட்ட கெண்டைக்கால் மெல்லச் சுடத் தொடங்கியது.