ஐயாவுக்குக் கை குடு

அக்டோபர் கடைசியில் க்ரூஸ் மலைப்பக்கம் ஒரு பழைய கல்வீட்டை ரெஜிஸும் அவன் மனைவி ஓதிலும் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒயின், நல்ல தூக்கம், காட்டுக்குள் நடை, கூடவே காஷு. இவ்வளவுதான் திட்டம். காஷு எட்டு வயது ஸ்பானியல் நாய். திருடன் வந்தாலும் வாலாட்டும்.

சாவி கொண்டுவந்த பக்கத்துப் பண்ணைக்காரி யோலாந்த் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அடுப்போரத்து நாற்காலிய மட்டும் விட்டுடுங்க மதாம். இந்த வீட்டோட செத்துப்போன சொந்தக்காரரோடது. வேட்டை நாய்ங்களப் பழக்கினவர். எந்த நாய்க்கும் அவர் ரெண்டாவது தடவ சொன்னதில்ல."

"எங்காளுக்கு நூறு தடவ சொன்னாலும் ஏறாது," என்று சிரித்தான் ரெஜிஸ்.

யோலாந்த் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. காட்டிலிருந்து பொறுக்கிவந்த செஸ்ட்நட் கொட்டைகள் அடுப்பில் வெடித்துக்கொண்டிருந்தன. அந்த வாசனைக்கு நடுவே நனைந்த நாயின் வாடை ஒன்று மெல்ல எழுந்தது.

காஷு நனையவே இல்லை.

அது எழுந்துபோய்க் காலி நாற்காலியின் முன் உட்கார்ந்தது. படுத்தது. மறுபடி உட்கார்ந்தது. காதுகள் பின்னால் ஒட்டிக்கிடந்தன.

"பாரேன், பாடம் நடக்குது." ரெஜிஸ் நாற்காலியைப் பார்த்துக் கண்ணடித்தான். "காஷு, ஐயாவுக்குக் கை குடு."

காஷு முன்னங்காலைத் தூக்கியது.

கால் இறங்கவில்லை.

"போதும், வாடா," என்றாள் ஓதில். நாய் இழுத்துப் பார்த்தது. முடியவில்லை. கெஞ்சுவதுபோல வாலைத் தாழ்த்தி ஆட்டியது. பாதத்தின் மயிர் நான்கு இடங்களில் உள்ளே அமுங்கியது, விரல்கள் பதிவதுபோல.

பிறகு எலும்பு முறியும் சத்தம். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக.

ரெஜிஸ் பாய்ந்து நாயைக் கட்டிக்கொண்டு இழுத்தான். அதன் அலறல் வீட்டை நிறைத்தது.

"அவன விட்டுடு," என்றான் அந்தக் காலி இடத்திடம். "என்ன வேணும்னாலும் நான் செய்றேன்."

கால் விடுபட்டது.

ரெஜிஸின் முதுகு மெதுவாக நிமிர்ந்தது. நாற்காலியின் முன் மண்டியிட்டுக் குதிகாலில் உட்கார்ந்தான்.

"ரெஜிஸ்?"

திரும்பவில்லை. வலது கையைத் தூக்கினான்.

ஓதிலுக்கு அவனைத் தொடத் துணிவு வரவில்லை. நாயை அள்ளிக்கொண்டு மழையில் யோலாந்த் வீட்டுக்கு ஓடினாள்.

ஆட்களோடு திரும்பியபோது அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். விரல்கள் எந்தெந்தப் பக்கமோ திரும்பியிருந்தன. வாயிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. யாரோ பாராட்டுவார்கள் என்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

காஷு மூன்று காலில் நடக்கப் பழகிவிட்டது. ரெஜிஸ் அதன்பிறகு பேசவில்லை. நகரத்தில் ஒரு மனநல விடுதியில் சேர்த்தார்கள். ஓதில் ஞாயிறுதோறும் போய்வந்தாள்.

"தொந்தரவே இல்ல மதாம்," என்றாள் நர்ஸ். "ஒண்ணுதான். தட்ட முன்னாடி வச்சா தொடமாட்டார். சொல்றவரைக்கும் காத்திருக்கார்."

"அப்ப நீங்க சொல்லிடுங்களேன்."

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"நாங்க யாரும் சொல்றதில்ல மதாம். திடீர்னு அவரா தலைய ஆட்டிட்டு சாப்பிட ஆரம்பிச்சிடுறார்."