யார் விரல் பட்டது?

"நிஜமாவே நீ அந்தக் கண்ணாடியைத் தொடலியா?"

அம்மா மறுபடியும் கேட்டதும் மிளகு சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். மிளகு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஆள் சின்னது, காரம் பெரியது.

"தொடலன்னு எத்தனை தடவை சொல்றது?"

அம்மாவுக்கு ஓர் ஆய்வகத்தில் வேலை. சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக்கும் தகடுகளை அங்கே செய்கிறார்கள். அதற்குக் கிடைத்தற்கரிய பொருள் எதுவும் வேண்டாம். மண்ணில் தாராளமாகக் கிடைக்கும் செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் போதும். இவற்றைக் கலந்து, தலைமுடியைவிட மெல்லிய படலமாகக் கண்ணாடியில் பூசுவார்கள். அதன் மேல் இன்னொரு படலம். சிக்கல் எல்லாம் ஒன்றை ஒன்று தொடும் இடத்தில்தான். அங்கே ஒட்டுதல் சரியில்லை என்றால், உண்டான மின்சாரம் வழியிலேயே தொலைந்துபோகும்.

முந்தின நாள் பள்ளி விடுமுறை. வீட்டில் யாரும் இல்லாததால் அம்மா மிளகையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போயிருந்தார். பூசி முடித்த தகடுகள் மேசையில் காய்ந்துகொண்டிருந்தன. மிளகு பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

இன்று சோதித்தபோது, எல்லோரும் நம்பியிருந்த தகடு பாதி மின்சாரம்கூடத் தரவில்லை. அதில் ஒரு விரல் அடையாளம். "நேத்து உங்க பொண்ணு வந்திருந்தாளே" என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார்.

"அவர் சொன்னா சொல்லட்டும். நீ ஏம்மா கேக்கறே? உனக்கு என்னைத் தெரியாதா?"

அம்மா குனிந்து தட்டுகளை எடுத்து அடுக்கினார். அதுதான் மிளகுக்கு இன்னும் எரிந்தது.

"நாளைக்கு நானும் வர்றேன். அந்தக் கண்ணாடியை நான் பாக்கணும்."

"வேணாம், விடு. பெரிசு பண்ணாதே."

"பெரிசு பண்ணினது நானா?"

மறுநாள் பள்ளி விட்டதும் அம்மா அவளை அழைத்துப் போனார். வேறு வழி இருக்கவில்லை.

தலைவர் மிளகைப் பார்த்ததும் சிரித்தார். இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

"பரவாயில்லம்மா. சின்னப் பசங்கன்னா கை சும்மா இருக்காது. நான் அப்பவே மன்னிச்சுட்டேன்."

மிளகின் காது மடல் சூடானது. இதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"செய்யாத தப்பை எப்படி சார் மன்னிப்பீங்க?" என்றாள். "மிட்டாய் வேணாம். தகட்டைக் காட்டுங்க."

அம்மா அவள் தோளை மெல்ல அழுத்தினார். மிளகு தோளை விலக்கிக்கொண்டாள்.

தலைவர் தகட்டை இடுக்கியால் எடுத்து விளக்கின் கீழே பிடித்தார். உள்ளங்கை அளவுக் கண்ணாடி, கரும்பழுப்புப் பூச்சு, மூலையில் வெளிறிய கறை. மிளகு தன் கட்டைவிரலைத் தொடாமல் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். கறை எவ்வளவோ பெரிதாக இருந்தது.

"அழுத்தினா விரல் அகலமாத்தான் பதியும்" என்றார் தலைவர்.

எது சொன்னாலும் கையில் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். மிளகு பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பூச்சின் மேல் பளபளப்பு எங்கும் கலைந்திருக்கவில்லை.

"திருப்புங்க சார்."

கண்ணாடிப் பக்கம் மேலே வந்தது. கண்ணாடியின் ஊடே, உள்பக்கம் ரேகை கோடு கோடாகத் தெரிந்தது.

"நான் வந்தப்ப பூசி முடிச்சாச்சு. நான் தொட்டிருந்தா அடையாளம் மேல தானே இருக்கணும்? இது பூச்சுக்கு அடியில இருக்கு. நோட்டுக்கு பிளாஸ்டிக் அட்டை ஒட்டறப்ப உள்ளே தூசி மாட்டிக்கிட்டா, மேல எவ்வளவு தேச்சாலும் போகாது. அதே மாதிரிதான். பூசறதுக்கு முன்னாடியே யாரோ வெறும் கண்ணாடியைத் தொட்டிருக்காங்க."

தலைவர் தகட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஆமா. விரல்ல இருந்த எண்ணெய்ப் பிசுக்கு. அது மேல படலம் ஒட்டாம கொப்புளம் கொப்புளமா நிக்குது." அவர் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப யாரோட விரல் இது?"

மிளகு திரையைப் பார்த்தாள். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. கத்தி பட்டு ஆறிய தழும்பு. தினமும் காலையில் அவளுக்குத் தலை வாரிவிடும் கையில் அப்படி ஒரு தழும்பு உண்டு.

அதுவரை பொரிந்து தள்ளியவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். 'நீ தொட்டியா?' என்று இப்போது அவள் திருப்பிக் கேட்கலாம். கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டாள்.

அம்மா திரையைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"என்னோடது சார். கண்ணாடியைக் கழுவி அடுக்கறப்ப கிளவுஸைக் கழட்டியிருக்கேன். கவனிக்கவே இல்ல."

"சரி, விடுங்க. தெரியாம நடந்தது தானே" என்றார் தலைவர், பேச்சு முடிந்தது போல.

மிளகுக்கு மறுபடியும் சுருக்கென்று ஏறியது.

"எங்கம்மா தெரியாம தொட்டாங்க. நீங்க தெரியாமயே என் மேல பழி போட்டீங்க. தெரிஞ்சுக்கலாமேன்னு ஒருத்தர்கூட தகட்டைத் திருப்பிப் பாக்கல. கண்டுபிடிக்கிறது தானே சார் உங்க வேலை?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

"தப்பு என் பேர்லதான். உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

இந்தத் தடவை அவர் மிட்டாய் எதையும் நீட்டவில்லை. அது மிளகுக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா நின்றார்.

"நானும் உன்கிட்ட மன்னிப்பு கேக்கணும். நான் கேட்டது தப்பு."

"கேட்டது தப்பில்ல. நான் இல்லன்னு சொன்னதும் நம்பியிருக்கணும்."

"நம்பியிருக்கணும்" என்றார் அம்மா.

"யோசிச்சு சொல்றேன்."

தெருமுனை வரைதான் யோசித்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஆய்வகத்தில் ஒவ்வொரு கண்ணாடியையும் கூடுதலாக ஒரு முறை கழுவினார்கள். விளக்கில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே பூசினார்கள். புதிய தகடு தயாரானதும் தலைவரே மிளகை வரச்சொன்னார். வெளிச்சம் பட்டதும், தகட்டோடு இணைத்திருந்த குட்டி விசிறி விர்ரென்று சுற்றியது. அதற்கு முன் செய்த எந்தத் தகடும் அதை அவ்வளவு வேகமாகச் சுற்ற வைத்ததில்லை.

மிளகும் அம்மாவும் தலைவரும் மேசை மேல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று பேருமே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.