யாயேலின் நடுச்சதுரம்

வாசல் மணியை இரண்டாவது முறை அழுத்திய பிறகுதான் திர்சா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்று சனிக்கிழமை... ஓய்வுநாளில் இந்த வீட்டார் மின்சார மணியைத் தொடவே மாட்டார்களே.

கதவு திறந்தது. மழையில் கழுவிய யூகலிப்டஸ் இலையின் நிறத்தில் இரண்டு கண்கள்... கோபமாக.

"தூங்கிட்டிருந்த அப்பாவை எழுப்பிட்டீங்க."

"அவர் கையெழுத்துக்காகத்தான் வந்தேன்."

"சனிக்கிழமையில எழுதவே கூடாதே, கையெழுத்தா? நீங்க யூதப் பொண்ணுதானே?"

"ஆமா. எங்க வீட்ல சனிக்கிழமைன்னா ஃபுட்பால் மேட்ச்தான்."

அவன் உதடு சிரிக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டான். அவன் போவாஸ், யாயேலின் மாமா. யூதப் பெண் பன்னிரண்டு வயதில் சமயப் பொறுப்பேற்கும் சடங்கு பாத் மிட்ஸ்வா; யாயேலின் பாத் மிட்ஸ்வா விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட துணிச் சதுரங்களைத்தான் திர்சா அவளுக்காகப் போர்வையாக இணைத்துக்கொண்டிருந்தாள். வராதவர் அவள் தாத்தா, போவாஸின் அப்பா ஸல்மான் ஒருவர்தான். பெண்பிள்ளை சபை நடுவே தோரா வேதம் வாசிப்பதா என்று முறைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

சாயங்காலம் வாருங்கள் என்றான் போவாஸ். இங்கேயே இருக்கிறேன் என்றாள் திர்சா. கால்ஃபீல்ட் பகுதியின் குளிர்கால மழை அவள் பக்கம் பேசியது... உள்ளே விட்டான்.

ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாதென்று முந்தின நாளே சூடேற்றி, ஆறாமல் வைத்த வெந்நீரில் தேநீர் வந்தது. அவன் கேட்கக் கேட்க, அவள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். துணியின் பின்னால் மெழுகுத்தாளை இஸ்திரி போட்டு ஒட்டினால் எழுதும்போது துணி நகராதாம். எழுதிய பின் சூடு காட்டினால் மை துவைத்தாலும் போகாதாம். விளிம்பில் விரலளவு விடாவிட்டால் பெயர் தையலுக்குள் போய்விடுமாம்.

'இவ்வளவு கவனமாக யாராவது கேட்பார்களா...' அவள் பேச்சு தடுமாறியது.

"பஞ்சு வெச்சுத் தைச்ச பிறகு எழுதக் கூடாதாம்மா?" நாற்காலியிலிருந்து ஸல்மானின் குரல். புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"மெத்துன்னு ஆயிடும் ஐயா, பேனா ஓடாது. நாளைக்குத் தைக்கிறேன்."

"என் இடத்துல ஒரு பூவைப் போட்டுத் தைச்சிடு."

"யாயேல் விட மாட்டேங்கிறா. நடுச்சதுரம் தாத்தாவுக்கு, அவர் எழுதலைன்னா வெறுமையாவே இருக்கட்டும்னு சொல்லிட்டா. அப்படியேதான் தைப்பேன்."

கிழவர் புத்தகத்தை மூடினார். அதன்பின் ஒரு பக்கமும் படிக்கவில்லை.

மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வுநாள் முடியும்... அன்று வானம் முழுக்க மேகம். கடிகாரத்தை நம்பித்தான் போவாஸ் ஓய்வுநாளை முடித்துவைக்கும் பின்னல் மெழுகுத்திரியை ஏற்றினான். வழக்கப்படி திராட்சை ரசத்தில் தோய்த்துச் சுடரை அணைத்ததும் ஸல்மான் கை நீட்டினார். திர்சா பேனாவைக் கொடுத்தாள். எபிரேய எழுத்தில், விளிம்பைத் தொடாமல் எழுதினார்: 'நீ வாசித்ததை நான் கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்து எனக்கு வாசித்துக் காட்டு.'

டிராம் நிறுத்தம்வரை போவாஸ் கூட வந்தான். அவள் நின்றாள். சொல்லாமல் ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

"வந்த வேலை முடிஞ்சுது. ஆனா கிளம்ப மனசில்ல... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

டிராம் வந்தது. இருவரும் அசையவில்லை. அது போய்விட்டது.

"சின்ன வயசுலேருந்து ஓய்வுநாள் எப்ப முடியும்னு வானத்தையே பார்த்துட்டிருப்பேன்," என்றான் மெதுவாக. "இன்னைக்குத்தான்... ஒரு நட்சத்திரமும் வந்துடக் கூடாதுன்னு பார்த்துட்டிருந்தேன்."