செருப்புக்கு மேல் மூன்று பலகை

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழ்க் குடியிருப்பில் சாமிக்கு ஊதுபத்தி காட்டினால், அதே கையோடு வீட்டுச் சுவருக்கும் காட்டிவிட வேண்டும். புகை நேராகப் போனால் நல்ல நாள். சுவர்ப் பக்கம் வளைந்தால் காற்று வெளியே கசிகிறது என்று அர்த்தம்.

அன்று வடிவாம்பாள் வீட்டுப் புகை வளைந்தது. மதியச் சோறும் அரைவேக்காடு. காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அரிசிதான் வேகாது. எதிர்வீட்டு எஸ்தர் புண்ணியத்தில் இது தெரு முழுக்கத் தெரிந்தது. அழுத்தம் இன்னும் இறங்கினால் வாசல் கதவு தானாக மூடி முத்திரை விழும். அப்புறம் அந்த வீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

மனிதர்களிடம் விட்டால் தட்டிக்கழிப்பார்கள் என்று அங்கே நிர்வாகம் முழுக்க ஆட்சிப்பொறிகள் கையில். சுவரின் உள்தோல் ஊராட்சிக்கு, நடு அடுக்கு ஒன்றியத்துக்கு, வெளி ஓடு மாவட்டத்துக்கு. விரிசலோ மூன்றையும் ஊடுருவியிருந்தது. ஊராட்சிப்பொறி வந்து பார்த்து, நடு அடுக்கை அடைக்காமல் தன் பங்கைத் தொட விதியில்லை என்றது. ஒன்றியம் மாவட்டத்தைக் கைகாட்டியது. மாவட்டம், விரிசல் உள்ளேயிருந்துதானே தொடங்கியது என்று ஊராட்சிக்கே திருப்பிவிட்டது. மூன்றும் வெகு மரியாதையாகப் பேசின, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“காத்து என்ன, அடுக்கைக் கேட்டுக்கிட்டா வெளிய போவுது?” என்றாள் வடிவாம்பாள்.

கணவர் மாசிலாமணி மேல்முறையீடு செய்யலாம் என்றார். அவர் எப்போதுமே அப்படித்தான். அவள் தன் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி விரிசல்மேல் வைத்தாள். உள்ளிருந்த காற்றே அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்தது. ஓரத்துக்குக் கொஞ்சம் பிசின். புகை நிமிர்ந்தது, சோறும் வெந்தது.

மறுநாள் மூன்று பொறிகளும் ஒன்றாக வந்தன, ஆளுக்கொரு பலகையோடு. ‘இக்கசிவு எங்களால் அடைக்கப்பட்டது’ என்று மூன்றிலும் ஒரே வாசகம், பெயர்தான் வேறு. எது மேலே என்று கொஞ்ச நேரம் சண்டை. பிறகு செருப்பை மறைத்து, சுவரைத் துளைத்து, திருகாணி முடுக்கி, படமும் எடுத்துக்கொண்டன.

அடுத்த காலை ஊதுபத்திப் புகை ஒவ்வொரு திருகாணியாக நலம் விசாரித்துக்கொண்டு போயிற்று.

“பலகை எங்கள் பொறுப்பு அம்மா. துளை எவருடையது என்று பரிசீலிக்கிறோம்,” என்றன பொறிகள், முதன்முறையாக ஒரே குரலில்.

பூமியின் பழைய அலுவலகக் கோப்புகளை முழுக்கப் படிக்க வைத்துத்தான் அவற்றை அனுப்பியிருந்தார்கள். நல்ல மாணவர்கள்.

வடிவாம்பாள் மீதிச் செருப்பைக் கழற்றினாள். போதாது. திரும்பிக் கணவரின் காலைப் பார்த்தாள். மாசிலாமணி இந்தத் தடவை மேல்முறையீட்டுக்குப் போகாமல் செருப்பைக் கழற்றினார்.